42 நிமிடங்கள்: பார்டர்லைன் ஆளுமைக் கோளாறோடு வாழ்வதில் நல்லது என்று ஏதாவது உண்டா?

மாலை 4.10க்கு என் தோழியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "இன்னைக்குப் பேசலாமா?" அவ்வளவுதான். திறந்து படித்தேன். பதில் எழுதுவதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அவள் திரையில் இரண்டு நீல டிக். பார்த்தாகிவிட்டது, பதில் இல்லை.

4.20க்கு 'ஏதாவது வேலையா இருக்கும்' என்று நினைத்திருக்கிறாள். 4.30க்கு, போன வாரம் பேசும்போது நான் நடுவில் ஒரு பெருமூச்சு விட்டது ஞாபகம் வந்திருக்கிறது. 4.40க்கு அவள் எனக்குப் பாரமாகிவிட்டாள் என்பது உறுதியாகிவிட்டது. வயிறு பிசைந்து, கை நடுங்கி, பத்து வருட நட்பு முடிந்துபோனது என்றே முடிவு கட்டி என் எண்ணை பிளாக் செய்துவிட்டாள். 4.52க்கு நான் அனுப்பிய "மீட்டிங்ல இருந்தேன், கூப்பிடட்டுமா?" போய்ச் சேரவே இல்லை.

இது ஒரு நாள். இன்னொரு நாள், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், இதே தோழி போன் செய்து "எப்படி இருக்க?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். ஒரு நொடி பேசாமல் இருந்தாள். "இல்ல, நீ நல்லா இல்ல. வரேன்" என்று வைத்துவிட்டாள். அன்று காலையில்தான் எனக்கு வேலை போயிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே கூரைக்கு அடியில் இருந்த யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. அவளுக்கு இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது இந்த இரண்டு நாளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் விஷயம்தான். என் பெருமூச்சைக் கேட்டு நட்பையே முடித்துக்கொண்டதும், என் குரலைக் கேட்டு ஓடிவந்ததும் ஒரே காது. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பிளாக் பண்ணினதையும் எழுது, இல்லன்னா நான் தேவதை மாதிரி ஆயிடுவேன்" என்றாள்.)

பெயரில் இருக்கும் குழப்பம்

அவளுக்கு இருப்பது பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். சுருக்கமாக பி.பி.டி. 'பார்டர்லைன்' என்று கேட்டதும், பரீட்சையில் பார்டரில் பாஸ் என்பதுபோல, நோய் வந்தும் வராமலும் இருக்கிற லேசான நிலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் காலத்தில் மனக் கோளாறுகளை நியூரோசிஸ் (பதற்றம், பயம் போல, நிஜ உலகத்தோடு தொடர்பு அறாதவை), சைக்கோசிஸ் (அந்தத் தொடர்பே அறுந்துபோனவை) என்று இரண்டு பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டிலும் அடங்காமல் நடுவே நின்ற நோயாளிகளைப் பற்றி 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் எழுதியபோது 'எல்லைக்கோட்டுக் குழு' என்றார். அந்தப் பெட்டிகள் பழசாகிப்போயின. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் முறையாக இடம்பிடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முந்தைய பட்டியலில் 'உணர்ச்சி நிலையற்ற ஆளுமைக் கோளாறு' என்று இருந்தது. என்னைக் கேட்டால், விஷயத்தைச் சொல்கிற பெயர் அதுதான்.

அமெரிக்கக் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயமும் அதைத் தடுக்க எதையும் செய்யத் துணிவதும் ஒன்று. ஒருவரை இன்று தெய்வமாகவும் நாளை துரோகியாகவும் பார்க்கும் உறவுகள், 'நான் யார்' என்பதே அடிக்கடி மாறிப்போவது, யோசிக்காமல் பணத்தையோ உடம்பையோ பணயம் வைப்பது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை எண்ணமும், மணிக்கொரு தரம் மாறும் மனநிலை, தீராத வெறுமை, அடக்க முடியாத கோபம், மன அழுத்தம் கூடும்போது எல்லோரும் எதிரி என்று தோன்றுவது அல்லது தன்னை விட்டே தான் விலகிப்போனதுபோல் மரத்துப்போவது ஆகியவை மற்றவை. இவற்றில் குறைந்தது ஐந்து நீண்டகாலமாக இருந்தால்தான் இந்தப் பெயர். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ என்றால், கணக்குப் போட்டுப் பார்த்தால், 256 விதமான சேர்க்கைகள் வரும். ஒரே நோய்ப்பெயர் கொண்ட இரண்டு பேருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே "பி.பி.டி.காரங்க எல்லாம் இப்படித்தான்" என்று யாராவது ஆரம்பித்தால், மீதியைக் கேட்க வேண்டியதில்லை.

வயது வந்தவர்களில் 100 பேருக்கு ஒருவர் அல்லது இரண்டு பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மருத்துவமனைகளில் இந்தப் பெயரைப் பெறுபவர்களில் பெண்கள் அதிகம். பொதுமக்களிடையே எடுத்த கணக்கெடுப்புகளில் ஆண், பெண் வித்தியாசம் அவ்வளவாக இல்லை. ஆண்களின் கோபத்தை வேறு பெயரில் எழுதிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் நிறைய. அதில் மனநிலை ஏறினாலும் இறங்கினாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இதில் காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு வேறொன்று. அதுவும் பெரும்பாலும் இன்னொரு மனிதர் செய்ததையோ செய்யாததையோ ஒட்டி மாறும். ஒரு நீல டிக் போதும்.

தோல் இல்லாத மனசு

இது ஏன் வருகிறது? மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன விளக்கம்தான் இன்றும் அதிகம் எடுத்தாளப்படுகிறது. இரண்டு விஷயங்கள் சேரவேண்டும் என்கிறார். ஒன்று, பிறவியிலேயே உணர்ச்சி கூர்மையாக இருப்பது. சின்ன விஷயமும் தைக்கும், தைத்தால் பலமாக வலிக்கும், வலி இறங்க நேரமும் ஆகும். இரண்டு, அந்த உணர்ச்சிக்கு மதிப்பில்லாத சூழல். "இதுக்கெல்லாமா அழுவாங்க?", "நடிக்காத", "உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டே வளர்வது. இதைவிடக் கொடுமையான வன்முறையும் துன்புறுத்தலும் பலருடைய குழந்தைப் பருவத்தில் உண்டு. ஆனால் எல்லோருக்கும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. அன்பான வீட்டில் பிறந்து, அந்த வீட்டுக்குப் புரியாத அளவுக்கு உணர்ச்சி மிகுந்த குழந்தையாக இருந்தாலும் போதும். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விளக்கம் இல்லை இது.

உடம்பெல்லாம் தீப்புண் பட்டவரோடு லினஹன் இவர்களை ஒப்பிட்டார். தோல் இருப்பவருக்குத் தெரியாமலே போகிற தொடுதல், தோல் இல்லாதவருக்கு உயிர் போகிற வலி. என் பெருமூச்சு அப்படிப்பட்ட ஒரு தொடுதல்தான். நான் விட்டதே எனக்கு நினைவில்லை.

வரம் என்று சொல்லிவிடாதீர்கள்

நல்லது என்று ஏதாவது உண்டா என்று தேடப்போகும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. "இது நோயில்லை, உனக்குக் கிடைத்த வரம்" என்று இனிப்பு தடவுகிற பேச்சு. பி.பி.டி. உள்ளவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து விடியும்வரை தன்னோடு தானே போராடியவருக்கு, அந்த ராத்திரியை வரம் என்பது இன்னொரு வகை "நடிக்காத"தான். தற்கொலை ஆபத்து இதில் நிஜம். அந்த எண்ணம் இப்போது யாருக்காவது ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை அப்புறம் இருக்கட்டும். உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ, பக்கத்தில் உள்ள மருத்துவமனையையோ, நம்பிக்கையான ஒரு மனிதரையோ இப்போதே கூப்பிடுங்கள்.

அப்படியானால் நல்லது எங்கே இருக்கிறது? நோயில் இல்லை. நோய் எந்த மண்ணில் முளைத்ததோ அந்த மண்ணில் இருக்கிறது. கூர்மையான உணர்ச்சி ஒரு குணம். அந்த உணர்ச்சியைத் தாங்கத் தெரியாமல் தவிப்பதுதான் கோளாறு. தவிப்பு குறைந்த பிறகும் குணம் இருக்கும். சிகிச்சை எடுத்தால் தன்னுடைய நிறமே போய்விடுமோ, மந்தமாகிவிடுவோமோ என்று பயப்படுகிற பலருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

காது, கண், வாசல்

மற்றவர் மனநிலையைப் படிக்கும் திறமையிலிருந்து தொடங்குகிறேன். இதில்தான் சுவாரசியம் அதிகம்.

சைமன் பேரன்-கோஹன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் உருவாக்கிய ஒரு சோதனை உண்டு. 36 படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கண்கள் மட்டும். அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று நான்கு சொற்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் பி.பி.டி. உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமான கண்களைச் சரியாகப் படித்தார்கள். கொஞ்சம் யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வாசலில் செருப்பு விழும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று கணிக்கவேண்டிய குழந்தை, முகம் படிப்பதில் தேர்ந்துதான் போகும்.

ஆனால் எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு வரவில்லை. எந்த உணர்ச்சியும் இல்லாத சாதாரண முகத்தைக் காட்டினால் அதில் கோபத்தையோ வெறுப்பையோ பார்த்துவிடும் போக்கு இவர்களிடம் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் உண்மையாக இருக்கலாம். என் தோழி என் குரலில் 'ஏதோ இருக்கிறது' என்று கண்டுபிடிப்பதில் அநேகமாகத் தவறுவதே இல்லை. அது எதனால் என்று சொல்வதில்தான் தவறுவாள். பெருமூச்சு விட்டது நிஜம். அன்றைக்கு எனக்கு முதுகு வலி. அவள் காதில் விழுந்தது சரி, எழுதிக்கொண்ட விளக்கம் தப்பு.

இது தெரிந்த பிறகு அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. தன் காதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. "நீ கற்பனை பண்ற" என்று யார் சொன்னாலும் கூனிக்குறுக வேண்டியதில்லை. கேட்டது கேட்டதுதான். விளக்கத்தை மட்டும் எதிராளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். "உன் குரல் மாறியிருக்கு. என்னாலயா, வேற ஏதாவதா?" இந்த ஒரு கேள்வி எத்தனை பிளாக்கைத் தடுத்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்புறம், சந்தோஷம். உணர்ச்சியின் ஒலியளவு கூடுதலாக வைக்கப்பட்டவர்களுக்குத் துக்கம் மட்டும்தான் சத்தமாகக் கேட்கும் என்று ஏன் நினைக்கிறோம்? ஒரு பாட்டின் நடுவே வரும் நான்கு விநாடி வயலினுக்காக அந்தப் பாட்டை 11 தடவை கேட்டவள் இவள். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது "வருது, வருது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தப் பாட்டைப் பல வருடமாகக் கேட்கிறேன். வயலின் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மனநிலை சீக்கிரம் மாறுகிறது என்பதற்கும் இப்படி ஒரு மறுபக்கம் இருக்கிறது. இரவு உலகமே இருண்டுபோனாலும் மறுநாள் காலை ஜன்னலில் உட்கார்ந்த ஒரு குருவி அதைத் திருப்பிவிடும். இருட்டில் இருக்கும்போது இதை நம்புவது கஷ்டம். ஆனால் "இதுக்கு முன்னாடியும் மாறியிருக்கு, இதுவும் மாறும்" என்று தாளில் எழுதி ஒட்டிவைக்கலாம். அவள் ஒட்டிவைத்திருக்கிறாள்.

அன்பு வைத்தால் முழுசாக வைப்பவர்களும் இவர்களில் உண்டு. கைவிடப்படும் வலி என்ன என்று தெரிந்த சிலர், மற்றவரைச் சுலபத்தில் கைவிட மாட்டார்கள். மருத்துவமனை வராந்தாவில் கடைசிவரை உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். அதற்கும் நிழல் உண்டு. ஒரே ஒரு மனிதரின் மேல் மொத்த வாழ்க்கையையும் ஏற்றி வைத்துவிட்டு, அவர் கொஞ்சம் அசைந்தாலும் நிலநடுக்கம் என்று பதறுவது. அன்பைக் குறைப்பதற்குப் பதிலாக, அதை நான்கைந்து பேருக்குப் பங்கிட்டு வைப்பது உதவுகிறது.

அநியாயத்தைக் கண்டால் பொறுக்காமல் பேசிவிடுவது, புதிதாக ஒன்றைத் தொடங்கத் தயங்காதது, அடிபட்டாலும் திரும்ப எழுந்து வருவது இதெல்லாமும் பலர் சொல்பவை. நான் பார்த்தவரை சரிதான்.

படைப்பாற்றலைப் பற்றி மட்டும் ஒரு முணுமுணுப்பு. பி.பி.டி. இருந்தால் கலைஞர்கள் ஆவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இதற்கு உறுதியான ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. துன்பப்பட்டால்தான் கவிதை வரும் என்ற பழைய மூடநம்பிக்கையின் புதிய வேஷம் என்றே படுகிறது. எழுதுவதும் வரைவதும் பலருக்கு வடிகாலாக இருக்கிறது, அது வேறு விஷயம். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த நோட்டு நோட்டாகத்தான் இருக்கட்டுமே, புத்தகமாக வேண்டிய அவசியம் என்ன?

பட்டுத் தேர்ந்த ஆசிரியை

தீப்புண் ஒப்பீட்டைச் சொன்ன லினஹனுக்கே திரும்பி வருகிறேன். சாகத் துடிக்கிற நோயாளிகளுக்கென்று அவர் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி. (நோய் பி.பி.டி., மருந்து டி.பி.டி. புதிதாக வருபவர்கள் ஒரு வாரம் குழம்புவார்கள், பரவாயில்லை.) அது பலன் தருகிறது என்பதை முதல்முறையாக முறையான சோதனையில் காட்டியது 1991இல். 1993இல் அதன் கையேடு வந்தது. உலகம் முழுக்கப் பரவியது. 2011இல், 68 வயதில், தான் பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்ததையும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு தனியறையில் கிடந்ததையும் பொதுவெளியில் சொன்னார். உள்ளே இருந்து வந்தவர் கட்டிய ஏணி அது.

அதன் மையத்தில் இருப்பது ஒரே நேரத்தில் இரண்டு எதிரான விஷயங்களைப் பிடித்துக்கொள்வது. "நான் என்னால் முடிந்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நான் இன்னும் நன்றாகச் செய்யவேண்டியும் இருக்கிறது." இதில் ஒன்று பொய், ஒன்று நிஜம் என்று தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. தெய்வம் இல்லையென்றால் துரோகி என்று இரண்டே வண்ணத்தில் மனிதர்களைப் பார்த்துப் பழகிய மனசுக்கு இது பெரிய பாடம். "என் மேல கோபமா இருக்கா, ஆனா என்னைப் பிடிக்கும்" என்ற வாக்கியத்தை முதல்முறை சொன்னபோது வாயில் அந்நிய பாஷை மாதிரி இருந்தது என்றாள் தோழி.

நான்கு பகுதிகளாகத் திறன்களைச் சொல்லித்தருகிறார்கள்: இந்தக் கணத்தைக் கவனிப்பது, நெருக்கடியைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவுகளில் தெளிவாகப் பேசுவது. மிக எளிதான ஒன்று, கொதிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் வைப்பது. நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும் இயல்பான அனிச்சைச் செயல் உடம்பில் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்பும் வேலை இது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தது, நடந்ததையும் நாம் கட்டிய கதையையும் பிரித்து எழுதுவது. நடந்தது: செய்தியைப் பார்த்தாகிவிட்டது, பதில் வரவில்லை. கதை: நான் பாரம். மூன்றாவது, கதைக்கு ஆதாரம் இல்லாதபோது உணர்ச்சி எதைச் செய்யச் சொல்கிறதோ அதற்கு நேரெதிராகச் செய்வது. பிளாக் செய்யத் துடிக்கிறதா, "நேரம் கிடைக்கும்போது கூப்பிடு" என்று ஒரு வரி அனுப்புவது.

நான் பார்த்ததில் மிகத் தெளிவான நல்ல பக்கம் இதுதான். இந்தப் பயிற்சிகளைக் கடந்து வந்தவர்கள் தங்கள் மனதை அறிந்திருக்கும் அளவுக்கு, எந்த நோயும் இல்லாத நாம் அறிந்திருப்பதில்லை. நமக்கெல்லாம் மூன்று சொல் போதும்: கோபம், கஷ்டம், டென்ஷன். அவளிடம் கேட்டால் ஏக்கமா, ஆற்றாமையா, அவமானமா, மனத்தாங்கலா, பொறாமையா, தவிப்பா என்று நிறுத்து எடுப்பாள். ஒருமுறை என்னிடம் "நீ கோபமா இல்ல. உனக்கு வெட்கமா இருக்கு, அதை மறைக்கக் கத்துற" என்றாள். அதைவிடக் கோபம் வந்தது எனக்கு. இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டேன்.

டி.பி.டி. மட்டும்தான் வழி என்றில்லை. தன் மனதிலும் பிறர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று நிதானித்து யோசிக்கப் பழக்கும் சிகிச்சை ஒன்றை லண்டனைச் சேர்ந்த பீட்டர் ஃபோனகியும் ஆன்டனி பேட்மனும் உருவாக்கினார்கள். சிறுவயதிலேயே ஆழமாகப் பதிந்துபோன எண்ணங்களை மாற்றப் பார்க்கும் ஸ்கீமா தெரபி என்று இன்னொன்றும் இருக்கிறது. எல்லாமே பேச்சு வழிச் சிகிச்சைகள். பி.பி.டி.க்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் மருந்து தரலாம்.

யாரும் சொல்லாத நல்ல செய்தி

ஆளுமைக் கோளாறு என்றதும் 'ஆளே இப்படித்தான், மாற வழியில்லை' என்று தோன்றும். ஒருகாலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினி என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் 290 பி.பி.டி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்களைச் சந்தித்துக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் அளவுக்கு முற்றியிருந்தவர்கள் இவர்கள். பத்து வருடம் முடிந்தபோது 93 சதவீதம் பேர் குறைந்தது இரண்டு வருடமாவது இந்த நோய்ப்பெயர் பொருந்தாத நிலையில் இருந்திருந்தார்கள். 86 சதவீதம் பேருக்கு அது நான்கு வருடமாவது நீடித்திருந்தது.

இதில் சர்க்கரை சேர்க்காமல் மீதியையும் சொல்லவேண்டும். அறிகுறி குறைந்ததோடு முழுநேர வேலையும் நல்ல உறவுகளும் சேர்ந்து கிடைத்தது அந்தப் பத்து வருடத்தில் பாதிப் பேருக்குத்தான். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்ற அவசர வேகங்கள் சீக்கிரம் அடங்குகின்றன. வெறுமையும், கைவிடப்படுவோமோ என்ற பயமும் மெதுவாகத்தான் விலகுகின்றன. என் தோழி பிளாக் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. வயிறு பிசைவது நிற்கவில்லை.

இருந்தாலும், நோய்ப்பெயரைக் கேட்டு நொறுங்கி உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கும் அவர் பெற்றோருக்கும் முதல் நாளே சொல்லவேண்டிய செய்தி இது. என் தோழிக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்துத்தான் எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாள். சொல்லாமல் விட்டவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. (வெட்கம் இல்லை, கோபம்தான். சரிபார்த்துவிட்டேன்.)

கூட இருப்பவர்களுக்கு

"நீ என்னை வெறுக்குற" என்று அவள் சொன்னால் ஆரம்பத்தில் நான் இரண்டில் ஒன்றைச் செய்வேன். "சும்மா ஓவரா பண்ணாத" என்பேன், அல்லது பயந்துபோய் இருபது முறை சத்தியம் செய்வேன். இரண்டும் உதவவில்லை. உணர்ச்சியை ஏற்றுக்கொண்டு, கதையை ஏற்காமல் பேசக் கற்றுக்கொள்ள எனக்கே வருடங்கள் ஆயின. "பதில் வராம அவ்வளவு நேரம் உக்காந்திருந்தது கஷ்டமாத்தான் இருந்திருக்கும். நான் வெறுக்கலை. மீட்டிங்ல இருந்தேன்." முதல் வாக்கியம் இல்லாமல் அடுத்த இரண்டும் காதில் ஏறாது.

எல்லை வைப்பதும் அன்பில் சேர்த்திதான். இரவு பத்து மணிக்கு மேல் போன் எடுக்க முடியாது, உயிராபத்து என்றால் மட்டும் விடாமல் அடி என்று ஒருநாள் சொன்னேன். முதலில் நொந்துபோனாள். பின்னால் அவளே சொன்னது: "பத்து மணிக்கு மேல நீ எடுக்கலன்னா காரணம் தேட வேண்டியதில்ல. மணி பத்துக்கு மேல ஆயிடுச்சு, அவ்வளவுதான்."

பி.பி.டி. உள்ளவர்கள் தங்கள் நல்ல பக்கத்தைத் தாங்களே தேடிப்பார்க்க விரும்பினால், பெரிய பட்டியல் எதுவும் போடவேண்டாம். "நான் கருணையானவள்" என்று எழுதினால் மனசு நம்பாது, உடனே எதிர்வாதம் செய்யும். டி.பி.டி.யில் அன்றன்றைய உணர்ச்சிகளைக் குறித்துவைக்க ஒரு அட்டை தருவார்கள். அதில் தோழி தானாக ஒரு கட்டம் கூட்டிக்கொண்டாள்: 'இந்த உணர்ச்சி எதைக் காப்பாத்தப் பார்த்துச்சு?' கோபத்துக்கு எதிரே ஒருநாள் 'வேலைக்கு வந்த புதுப் பெண்ணை எல்லாரும் கிண்டல் பண்ணாங்க' என்று இருந்தது. பொறாமைக்கு எதிரே 'எனக்கும் படிக்கணும்' என்று இருந்தது. அடுத்த வருடம் ஒரு படிப்பில் சேர்ந்தாள். பல கட்டங்கள் காலியாகவும் இருந்தன. எல்லா உணர்ச்சிக்கும் உள்ளே ஒரு முத்து இருக்கும் என்று அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பார்த்தேன். பதில் அனுப்ப மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அனுப்பியதும் போய்ச் சேர்ந்தது. கூப்பிட்டு, இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"முதல் அரைமணி நேரம் அதே பழைய படம்தான் ஓடுச்சு. அப்புறம் முகத்தைத் தண்ணில வச்சேன். நடந்தது ஒரு பக்கம், கதை ஒரு பக்கம்னு பிரிச்சு எழுதினேன். துணி மடிச்சேன். நிறைய இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, மடிச்சு முடிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன் உன் குரல் ஒருமாதிரி இருக்கு?"